மர எஞ்சினும் ஒரு டிகிரி டேப்பரும்

1. முதல் நாள் திட்டு

பேட்டர்ன் ஷாப்பில் சேர்ந்த முதல் நாளே நான் திட்டு வாங்கினேன். அதுவும் வேலையைச் சுத்தமாகச் செய்ததற்காக.

அதற்கு முன் நான் நிலை, கதவு, கட்டில் என்று வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த தச்சன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தேனியில் ஒரு ஃபவுண்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். பருத்தி அரவை மெஷின் பாகங்கள், பம்பு செட் உடம்பு, இப்படி இரும்பு வார்க்கிற இடம். எந்தச் சாமான் வார்ப்பதாக இருந்தாலும் முதலில் அதை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரத்தை மணலில் புதைத்து, மணலை இறுக்கி, மரத்தை மேலே உருவினால் அதே வடிவத்தில் ஒரு குழி இருக்கும். குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மரத்துக்குப் பெயர்தான் பேட்டர்ன்.

அன்றைக்கு எனக்குக் கொடுத்தது ஒரு மூடிப் பெட்டி. நாலு பக்கமும் செங்குத்தாக, மயிரிழை பிசகாமல் செய்து கொடுத்தேன். மோல்டர் அதை மணலில் வைத்து இடித்து, உருவினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்ததும் குழியின் சுவர் முழுவதும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு பொலபொலவென்று உதிர்ந்தது.

மேஸ்திரி வந்து பார்த்தார். "ஏலே, எவன்டா இதச் செஞ்சவன்? நீ கதவு செய்ய வந்தியா, பேட்டர்ன் செய்ய வந்தியா? இம்புட்டு நேரா செஞ்சா மணலு எப்பிடிறா விடும்?"

பிறகு அவரே டீ டம்ளரை எடுத்துக் காட்டினார். வாய் அகலமாக, அடி சிறுத்து இருக்கிறதே, அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்று போட்டாலும் எடுக்க வருகிறது. பேட்டர்னின் எல்லாப் பக்கமும் அப்படி ஒரு டிகிரி சாய வேண்டும். அதற்கு டேப்பர் என்று பெயர். பார்த்தால் தெரியாது, ஆனால் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் நாங்கள் சாதாரண ஸ்கேலில் அளப்பதில்லை. கான்ட்ராக்ஷன் ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஓர் அடி என்று போட்டிருப்பது உண்மையில் ஓர் அடியும் ஒரு நூலும், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதல். பார்வைக்கு இரண்டு ஸ்கேலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இந்த இரண்டு பாடமும் கையில் ஏற எனக்கு ஆறு மாதம் ஆனது. ஏறிய பிறகு யோசிக்கவே வேண்டியதில்லை. இழைப்புளி தானாகச் சாய்ந்து ஓடும். நல்ல பேட்டர்ன் மேக்கர் என்று பெயரும் வந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய் ஒருவரிடம் எதைத் தொலைத்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2. டிரைவர் பாய்

அல்லிநகரத்தில் என் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு பட்டறை வைத்திருந்தேன். பழைய மோட்டாரை மாட்டி நானே செய்த கடைசல் லேத் ஒன்று, ஒரு மேஜை, சுவர் நிறைய உளி. ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலமும் அங்கேதான் கிடப்பேன். என் மனைவி புஷ்பம் "அங்கனயே பாயப் போட்டுப் படுங்க" என்பாள். சின்னச் சின்ன மர மாடல்கள் செய்வேன். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற எஸ்டேட் ஜீப்பை அப்படியே சின்னதாகச் செய்து உத்தமபாளையத்தில் ஒரு பேன்ஸி ஸ்டோருக்குக் கொடுத்திருந்தேன். அது அவர்கள் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

அந்த ஜீப்பைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்தார். தொண்ணூற்றெட்டு சித்திரை. வெள்ளைக் கைலி, முழுக்கைச் சட்டை, நல்ல உயரம். கூடவே அவர் மனைவி.

"ஜீப்பு செஞ்ச ஆசாரி நீங்கதானா?"

"ஆமா பாய். உள்ள வாங்க."

"ஜீப்பு நல்லா இருக்கு. ஆனா ஸ்டெப்னி டயர எடது பக்கம் மாட்டிருக்கீக. அந்த மாடலுக்குப் பின்னாடி வரும்."

எனக்கு முதல் பார்வையிலேயே அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்த பிறகு தன் பெயர் காதர் மைதீன் என்றும், மதுரை ஷெட்டில் ஸ்டீம் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும் சொன்னார். உத்தமபாளையத்தில் எல்லோரும் டிரைவர் ராவுத்தர் என்றுதான் சொல்வார்களாம். போடி லைனிலும் ஓட்டியிருக்கிறார், மணியாச்சிப் பக்கமும் ஓட்டியிருக்கிறார். ஒய்.பி. கிளாஸ் எஞ்சின். முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. அதை மரத்தில் அச்சு அசலாகச் செய்து தர வேண்டும் என்றார்.

"எதுக்கு பாய்? ஷோகேஸ்ல வைக்கவா?"

மனைவி ஜைத்தூன் பீவிதான் சொன்னார். "அவுகளுக்குக் கண்ணு போய்ட்டே இருக்குப்பா. உள்ள பிரஷராம். மதுரைல பெரிய டாக்டரு பாத்துட்டு, இனி போனது வராது, இருக்கறதும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் போகும்னு சொல்லிட்டாக. அடுத்த நோன்புப் பெருநாள் வரைக்கும் தாங்கினா பெருசாம்."

"குழாய் வழியாப் பாக்குற மாதிரி நடுவுல மட்டும் தெரியுது" என்றார் ராவுத்தர். வானிலை சொல்கிற குரலில்தான் சொன்னார். "முப்பது வருசம் எஞ்சின்ல இருந்தேன் ஆசாரி. நா பாத்ததெல்லாம் நெருப்பு, கேஜு, ஜன்னலுக்கு வெளிய லைனு. உள்ள இருந்தவன் எங்க எஞ்சினப் பாக்குறது? பிளாட்பாரத்துல நிக்கிற எச்சிக்கலப் பய பாக்குறான், நா பாத்ததில்ல. முழுசா ஒரு தடவ வெளிய இருந்து பாக்கணும். அப்புறம் கண்ணு போனாப் போகட்டும்."

"ஷெட்டுலயே பாத்திருக்கலாமே பாய்?"

"ஷெட்டுல எவன் அழகு பாத்தான்? அங்கன போனா எண்ணெய் விடணும், நட்டு தட்டணும், டூட்டி முடிஞ்சா வீட்டுக்கு ஓடணும். இப்ப நெசமான எஞ்சின் முன்னாடி போய் நின்னாலும் எனக்கு ஒரு சக்கரம்தான் தெரியும். சின்னதா இருந்தா தள்ளி வச்சுப் பாத்துக்கிடலாம்ல?"

நோன்புப் பெருநாளுக்குள் தர முடியுமா என்று கேட்டார். அந்த வருஷம் பெருநாள் தை மாதத்தில் வந்தது. ஒன்பது மாதம் இருக்கிறது, தாராளமாக முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

3. மறியல் செய்த ஆறு சக்கரம்

இனி ஓடாது என்று கண்டம் செய்யப்பட்ட ஓர் எஞ்சின் மதுரை ஷெட் ஓரத்தில் துருப்பிடித்து நின்றது. ராவுத்தரின் பழைய சிநேகிதர் ஒருவர் எங்களை உள்ளே விட்டார். நான் டேப் பிடித்தேன், ராவுத்தர் சாக்பீஸால் இரும்பிலேயே எழுதினார். குனிந்து நான் அளந்துகொண்டிருக்கும்போது மேலே நின்றுகொண்டு "அது சேண்ட் பைப்பு, அத விட்டுட்டீக", "ஸ்டெப்புல மூணாவது படி வளஞ்சிருக்கும், நேரா எழுதாதீக" என்று ஏவிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் முழுவதும் அளந்தோம். அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டேன். கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டரோடு சேர்த்து ஏறக்குறைய ஐந்தடி வந்தது. பெரிய சக்கரம் நாலரை அங்குலம்.

சேஸிக்குத் தேக்கு. சக்கரத்துக்கு ஈட்டி. பாய்லர், டிரைவர் நிற்கிற அறையான கேப், டெண்டருக்கெல்லாம் மஞ்சக்கடம்பு. கைப்பிடிக் கம்பிகளுக்கு ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைச் சீவிப் போட்டேன். ரிவெட் தலைகளுக்கு என்ன செய்வது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மரத்தில் அவ்வளவு சின்னக் குமிழ் கடைய முடியாது. கடைசியில் கடுகைப் பசை வைத்து வரிசையாக ஒட்டினேன். மேலே பெயின்ட் அடித்தால் சாட்சாத் ரிவெட்தான். புஷ்பம் தாளிக்கப் போனால் டப்பாவில் கடுகு இருக்காது. "எஞ்சினுக்குத் தாளிச்சாச்சா, இனி எங்களுக்குத் தாளிக்கலாமா?" என்று கேட்பாள்.

ஆனி மாதத்தில் சக்கரங்களை மாட்டினேன். ஒரு பக்கத்து மூன்று பெரிய சக்கரங்களையும் ஒரே நீளத் தண்டு இணைக்கும். கப்ளிங் ராடு என்பார்கள். சக்கரம் சுற்றும்போது அந்தத் தண்டு ஏறி இறங்குவதுதான் ஸ்டீம் எஞ்சினுக்கே அழகு. ராடை மாட்டப் போனால் மூன்றாவது ஓட்டை முளையில் உட்காரவில்லை. அமுக்கி உட்கார வைத்தேன். ஆறு சக்கரமும் இறுகிக்கொண்டன. ஓர் இம்மிகூடச் சுற்றவில்லை.

திரும்பத் திரும்ப அளந்தேன். சேஸி சரி. ராடும் சரி. இரண்டும் சரி என்றால் ஏன் சேரவில்லை? இரண்டு நாள் பைத்தியம் பிடித்தவன்போல் அலைந்தேன். மூன்றாம் நாள் பேட்டர்ன் ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்தபோதுதான் உறைத்தது. சேஸியை வீட்டில் சாதாரண ஸ்கேலில் அளந்தேன். ராடை ஷாப்பில், சாப்பாட்டு இடைவேளையில், கான்ட்ராக்ஷன் ஸ்கேலில் அளந்து செய்திருக்கிறேன். பத்து அங்குலத்துக்கு முக்கால் நூலுக்கும் மேல் கூடியிருந்தது. வார்த்து ஆறச் சுருங்கட்டும் என்று மரத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்!

ராவுத்தரிடம் பூத்தில் இருந்து போன் போட்டுச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "பிரேக்க ரிலீஸ் பண்ணாம வண்டிய எடுத்துட்டீக ஆசாரி. எல்லாப் பயலும் ஒரு தடவ எடுத்திருக்கான், விடுங்க." அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்துப் போனது. ராடுகளை மறுபடி செய்தேன். சக்கரங்கள் விரலால் தொட்டாலே ஓடின.

4. ஆவணி ஞாயிறு

ஆவணியில் எஞ்சின் முழு உருவத்துக்கு வந்துவிட்டது. பெயின்ட் மட்டும்தான் பாக்கி. மர நிறத்திலேயே மேஜைமேல் நின்றது. வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறி வந்தார்கள்.

நாலு மாதத்தில் நடை மாறியிருந்தது. வாசற்படியைக் காலால் தேடிப் பார்த்துவிட்டு ஏறினார். மேஜைக்கு ஐந்தாறடி தள்ளி ஸ்டூலைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புகைபோக்கியில் தொடங்கி டெண்டரின் கடைசி வரை போக அவருக்கு வெகு நேரம் ஆனது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நான் பக்கத்தில் நின்று, எங்கே எந்த மரம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கேட்டாரா என்று தெரியாது.

"இம்புட்டு நீளமா இருந்திருக்கு" என்றார் ஒரு கட்டத்தில். "அடேயப்பா. நா உள்ளயே கெடந்துட்டேன்."

பிறகு எழுந்து வந்து இரண்டு கையாலும் தொட்டார். பாய்லரைத் தடவினார். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார். கேப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து, கீழிருந்து மேலே கொண்டுபோனார். கை நின்றது. மறுபடி கீழே போய் மேலே வந்தது.

"ஆசாரி, கேப்பு உள்ள சாயுதே."

"இல்லையே பாய். நேராத்தான இருக்கு."

"கண்ணுக்கு நேராத்தான் தெரியுது. கை சொல்லுது."

மூலைமட்டத்தை எடுத்து வைத்தேன். கீழே ஒட்டிக்கொண்டு நின்றது. மேலே போகப் போக வெளிச்சம். சரியாக ஒரு டிகிரி. டெண்டரில் வைத்தேன், அங்கேயும் வெளிச்சம். சிலிண்டர் பிளாக், புகைபோக்கி அடி, படிக்கட்டு, டூல் பாக்ஸ், எல்லாவற்றிலும் அதே ஒரு டிகிரி. ஐந்தடி எஞ்சினையும் மணலில் புதைத்து உருவுகிற மாதிரியே செய்திருந்தேன். இருபத்திரண்டு வருஷம் பழகிய கை என்னைக் கேட்காமலேயே டேப்பர் கொடுத்திருக்கிறது.

வெட்கமாகப் போய்விட்டது. காரணத்தைச் சொன்னேன். ராவுத்தர் அதைக் குற்றமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அவ்வளவுதான? எனக்கு இது போதும் ஆசாரி. இன்னைக்கே ஒரு வேனப் புடிச்சு எடுத்துட்டுப் போயிர்றேன்."

"பெயின்ட்டே அடிக்கலையே பாய்!"

"வேணாம். இப்பிடியே குடுங்க."

நான் கொடுக்கவில்லை. உத்தமபாளையத்தில் நாலு பேர் வந்து பார்ப்பார்கள், அல்லிநகரத்து ஆசாரி கோணலாகச் செய்தான் என்பார்கள், இப்படியே கொடுத்தால் என் பெயர் என்ன ஆவது என்று சொன்னேன். இரண்டே மாதத்தில் சொக்கத் தங்கமாகக் கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறை. அவர் இரண்டாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை. "சரி, ஒங்க வேல, ஒங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கிளம்பும் முன் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

5. இன்னும் பத்து நாள்

அன்று சாயங்காலமே பிரித்துப்போட்டேன். கேப், டெண்டர், சிலிண்டர், புகைபோக்கி, எல்லாம். சேஸியும் சக்கரமும் பாய்லரும் மட்டும் மிஞ்சின. பிரித்ததை ஒரு சாக்கில் கட்டி மூலையில் வைத்தேன்.

நேராகச் செய்வது இவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கதவு செய்த காலத்தில் தானாக வந்த செங்குத்து இப்போது வர மறுத்தது. இழைத்து, மட்டம் வைத்து, மறுபடி இழைத்து, கொஞ்சம் கவனம் தப்பினால் டேப்பர் திரும்ப வந்துவிடும். இரண்டு கேப் பாழானது. மூன்றாவதுதான் தேறியது. கடுகையெல்லாம் புதிதாக ஒட்ட வேண்டியிருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஜைத்தூன் பீவி தனியாக வந்து நின்றார். முக்காடு நனைந்திருந்தது. புஷ்பம் துண்டு கொடுத்து உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"தம்பி, அவுகளுக்குத் தெரியாம வந்திருக்கேன். வலது கண்ணு சுத்தமாப் போயிருச்சு. எடது கண்ணுல ஒரு ஓரமா கொஞ்சம் இருக்கு. நேத்து என் மொகத்தக் கிட்ட இழுத்து வச்சு ரொம்ப நேரம் பாத்தாக. கோணலோ நேரோ, இருக்கறதக் குடுங்கப்பா."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மேஜைமேல் புதுக் கேப் நின்றது. மட்டத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அதைத் தூக்கி அவரிடம் காட்டினேன். டெண்டர் பாதி முடிந்திருந்தது.

"அம்மா, இன்னும் பத்து நாளு. பெயின்ட் அடிச்சு, நானே கொண்டாந்து வச்சிர்றேன்."

"பத்து நாளா?"

"பத்தே நாளு."

அவர் மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். புஷ்பம் மட்டும் சொன்னாள்: "பாதியக் கட்டியாவது குடுத்து விட்டிருக்கலாம்ல?" என் வேலையில் தலையிடாதே என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். மழைக்காலத்தில் பெயின்ட் காயாது என்பதை ஒரு தச்சன் மறந்திருக்கக் கூடாது. முதல் கோட் பிசுபிசுவென்றே கிடந்தது. சுரண்டி எடுத்து மறுபடி அடித்தேன். பத்து நாள் இருபதாகி, கார்த்திகையும் போய், மார்கழியும் போனது.

6. பெருநாளுக்கு முந்தின நாள்

முதலில் சொன்ன பெருநாள் தவணை மட்டும் தப்பவில்லை. பெருநாளுக்கு முந்தின நாள், காய்கறி இறக்கிவிட்டுக் கம்பம் திரும்புகிற வேனில் எஞ்சினை வைக்கோல் மெத்தையில் படுக்க வைத்துக் கொண்டுபோனேன். கறுப்பு பாய்லர், சிவப்பு பஃபர் பீம், பித்தளை நிறத்தில் பெயர்ப்பலகை. வழியில் வேன்காரர் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தார். ஊர் மெச்சும் வேலை என்று எனக்கே தோன்றியது.

உத்தமபாளையத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன். ராவுத்தர் நாற்காலியில் இருந்தார். என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி "வாங்க ஆசாரி" என்றார். ஆனால் என்னைக் கொஞ்சம் தாண்டிப் பார்த்துச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. ஜைத்தூன் பீவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்ப பாய்?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம் இருக்கும். அது ஒரே நாள்ல போகல. விடியுது, விடியுதுன்னு பாத்துட்டே இருந்தேன், விடியல."

கையைப் பிடித்து எஞ்சினிடம் கூட்டிப்போனேன். தொட்டார். கேப்பில் உள்ளங்கைகளை வைத்து மேலே கொண்டுபோனார். "நேரா நிக்கிது. சுத்தமான வேல ஆசாரி. ரொம்பச் சுத்தம்." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "அந்தக் கோணக் கேப்பு என்னாச்சு?"

"அது எதுக்கு பாய் இப்ப?"

"நா பாத்தது அதத்தான? மர நெறத்துல, மேல சிறுத்து. அதத்தான் எனக்குத் தெரியும். இருந்தா அத மாட்டுங்க."

பிரித்ததைக் கட்டி வைத்த சாக்கு மூலையில் இடத்தை அடைக்கிறதென்று கார்த்திகையிலேயே எடுத்து அடுப்புக்குப் போட்டிருந்தோம். அதைச் சொன்னேன். வெந்நீர் அடுப்பில் எரித்துவிட்டோம் பாய் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "தண்ணி கொதிச்சிச்சுல்ல? அப்ப ஸ்டீமாத்தான் போயிருக்கு. நல்ல சாவு."

என்னால் சிரிக்க முடியவில்லை. மறுபடி அப்படியே ஒன்று செய்து தருகிறேன், அந்த அளவெல்லாம் கையிலேயே இருக்கிறது என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "நீங்க வேணும்னு கோணலாச் செஞ்சா அது வேற கோணல் ஆசாரி. விடுங்க. நாளைக்குப் பெருநாளு, பிரியாணி சாப்புட வரணும், வீட்டுல எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க."

போனோம், சாப்பிட்டோம். வந்தவர்களிடமெல்லாம் அவர் "இந்த ஆசாரி செஞ்சதுதான், பாருங்க பாருங்க" என்று எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் புகழ்ந்தார்கள்.

7. தேயாத பெயின்ட்

அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வருவேன். பேச்செல்லாம் அரசியல், மழை, ஏலக்காய் விலை. எஞ்சினைப் பற்றி அவரும் எடுக்கமாட்டார், நானும் எடுக்கமாட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவர் இறந்துவிட்டார். எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. துக்கம் கேட்கப் போனேன். எங்கள் பாதையில் சின்னத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அகலப்பாதை போடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். அதைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன்.

கூடத்தில் எஞ்சின் அதே இடத்தில் இருந்தது. தொழில்காரன் புத்தி, துக்க வீட்டிலும் கண் அங்கேதான் போனது. கண் இல்லாதவர் பத்து வருஷம் கையால் பார்த்திருப்பார், கேப் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரியும், கடுகு பாதி உதிர்ந்திருக்கும், ஒரு நாள் உட்கார்ந்து சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு கடுகுகூட உதிரவில்லை. பெயின்ட் நான் அடித்தது அடித்தபடி இருந்தது.

"பத்திரமா வச்சிருக்கீகம்மா" என்றேன்.

ஜைத்தூன் பீவி அழுது ஓய்ந்த குரலில் சொன்னார். "நா தூசி தட்டுவேன், அவ்வளவுதான். அவுக தொட மாட்டாகப்பா. நீங்க கொண்டாந்து வச்ச அன்னைக்குத் தொட்டதோட சரி. நாங்கூடக் கேட்டேன், இம்புட்டு ஆசப்பட்டுச் செய்யச் சொன்னீகளே, ஒரு நா தடவிப் பாக்கக் கூடாதான்னு. 'கண்ணுக்குள்ள ஒரு எஞ்சின் நிக்கிது ஜைத்தூனு, இதத் தொட்டா அது அழிஞ்சு போகும்'னு சொல்லிட்டாக."

திரும்பி வரும்போது சின்னமனூர் தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ.

நான் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. அதில் ஒரு பிசிறு கிடையாது. செய்யச் சொன்னவருக்கு அது ஒரு நாளும் பயன்படவில்லை. அவர் கேட்டது வேறு, நான் கொடுத்தது வேறு. அவர் கேட்டது முடிந்து என் மேஜைமேலேயே நின்றது. அவர் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே அதைப் பிரித்துப்போட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். அளவும் மட்டமும் வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் வந்து நின்று, இப்படியே போதும், கொடுங்கள் என்று கேட்டால், செய்த சாமானை விட்டுவிட்டு அவர் முகத்தை ஒரு தடவை பாருங்கள். அந்த ஆவணி ஞாயிற்றுக்கிழமை ராவுத்தர் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேப் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது.